கொடுவாக் குஞ்சுகளோடு மும்பையில்

மும்பையில் எனக்காகக் காத்திருந்தவர் என் பெயரைக் கேட்கவில்லை. “மீனு எங்க, மேடம்?” என்றுதான் கேட்டார்.

விமான நிலையத்தின் சரக்குப் பகுதி வாசலில் டெம்போவோடு நின்றிருந்தார் அந்தோணி. ஐம்பதைத் தாண்டிய மனிதர். தாராவியிலேயே பிறந்து வளர்ந்தவர், பூர்வீகம் திருச்செந்தூர்ப் பக்கம் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது இவ்வளவுதான்: சென்னையிலிருந்து உயிரோடு மீன் வருகிறது, வெயில் ஏறுவதற்குள் அதைச் செம்பூருக்கு அப்பால் இருக்கும் கோலிவாடாவில் இறக்க வேண்டும். கோலிகள் என்பவர்கள் மும்பையின் ஆதி மீனவர்கள். அவர்களுடைய குப்பத்துக்குப் பெயர் கோலிவாடா.

நான் மரக்காணத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹேச்சரியில் வேலை செய்கிறேன். கொடுவா மீனை முட்டையிட வைத்து, பொரித்த குஞ்சுகளை விரல் நீளத்துக்கு வளர்த்து விற்பது எங்கள் தொழில். வாங்குகிறவர்கள் குளத்தில் விட்டு வளர்த்துச் சந்தைக்கு அனுப்பிவிடுவார்கள். இத்தனை வருடங்களில் நான் வளர்த்த ஒரு குஞ்சுகூடக் கடலுக்குப் போனதில்லை. இந்த முறை மும்பையின் ஒரு மீனவர் கூட்டுறவுச் சங்கம், தங்கள் உப்பங்கழியில் கொடுவா அருகிவிட்டது, குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டால் மறுபடி பெருகும் என்று கேட்டு வாங்கியிருந்தது.

வழக்கமாக வெளியூருக்குப் போகிறவருக்குக் காய்ச்சல். முதலாளி என்னைக் கூப்பிட்டார். “உங்களைத்தான் வீட்டுல யாரும் தேட மாட்டாங்களே, போயிட்டு வந்துடுங்களேன்” என்றார். கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. அம்மா போன பிறகு குவார்ட்டர்ஸில் நான் தனியாக இருப்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் விமானம் ஏறி இறங்கும் வரை அந்தப் பேச்சு காதைவிட்டுப் போகவில்லை.

தெர்மாகோல் பெட்டிகளை டெம்போவில் ஏற்றினோம். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஆக்சிஜன் அடைத்த பாலிதீன் பை. பைக்குள் கொஞ்சம் உப்புத் தண்ணீர், அதற்குள் குஞ்சுகள். அந்தோணி ஒரு பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

“இத்தன சின்னதா? இதுக்கா பிளேன் டிக்கெட்டு?”

“பெரிசாகும்ணே. ஆள் உயரத்துக்கேகூட வளரும்.”

“அப்ப பைய போறேன்” என்று சொல்லிவிட்டு, வண்டியை நிஜமாகவே அத்தனை மெதுவாக ஓட்டினார்.

சயான் பக்கத்தில் டெம்போ நின்றுவிட்டது. கிளட்ச் ஒயர் அறுந்துவிட்டதாம். முன்னும் பின்னும் வண்டிகள். தகரக் கூரைக்குக் கீழே வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பைக்குள் தண்ணீர் சூடானால் குஞ்சுகள் மூச்சு வாங்கத் தொடங்கும், இருக்கும் ஆக்சிஜன் சீக்கிரம் தீர்ந்துபோகும். நான் துப்பட்டாவை நனைத்துப் பெட்டிகள்மேல் போட்டேன். அது போதவில்லை. சாலையோர டீக்கடைக்காரரிடம் அந்தோணி ஏதோ சொல்ல, அவர் இரண்டு சாக்குகளைத் தண்ணீரில் முக்கி எடுத்துக் கொடுத்தார். பைக்கில் போன ஒருவர் நிறுத்தி எட்டிப் பார்த்துவிட்டு, இவ்வளவு சின்ன மீனை யார் வாங்குவார்கள் என்று கேட்டாராம். அந்தோணிதான் மொழிபெயர்த்துச் சொன்னார். நடைபாதையில் போனவர்கள் நான்கைந்து பேர், யாரும் கூப்பிடாமலே வந்து வண்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு, நன்றிக்குக்கூட நிற்காமல் கூட்டத்தில் கலந்துபோனார்கள். எங்கள் ஊரில் என்றால் உதவிக்கு முன்னால் ஊர், பேர், யார் வீட்டுப் பெண் என்று எல்லாம் கேட்டிருப்பார்கள். இங்கே உதவி மட்டும் கிடைத்தது.

கோலிவாடா போய்ச் சேர்ந்தபோது மதியம் ஆகிவிட்டது. நல்லவேளை, பெரிய சேதமில்லை. அங்கே எனக்கு வேறொரு செய்தி காத்திருந்தது. சங்கத் தலைவர் பாஸ்கர் கட்டையான, மீசை நரைத்த மனிதர். மறுநாள் நடப்பதாக இருந்த விழா தள்ளிப்போய்விட்டது, சிறப்பு விருந்தினருக்கு வேறு வேலை வந்துவிட்டது, இன்னும் ஒருநாள் பொறுக்க வேண்டும் என்றார். மராத்தியில் அவர் நீளமாகச் சொன்னதை அந்தோணி சுருக்கமாகச் சொன்னார்: “பெரிய மனுசன் வரல. மீனு வெயிட் பண்ணணுமாம்.”

மீன் காத்திருக்காது. கொடுவாவுக்குப் பசித்தால் பெரிய குஞ்சு சின்னக் குஞ்சை விழுங்கிவிடும். தன் உடம்பில் பாதியளவு இருக்கும் உடன்பிறப்பையே வால் வெளியே தொங்கத் தொங்க விழுங்கும். பைக்குள் இருட்டிலும் குளிர்ச்சியிலும் அடங்கி இருந்தவை தொட்டியில் விட்டதும் ஆரம்பித்துவிடும். சங்கத்தின் கொட்டகையில் வலைகளை ஒதுக்கி இடம் பண்ணி, கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டிகளை வைத்தோம். ஓதம் ஏறி, கடல்நீர் உள்ளே பெருகியபோது பிடித்துத் தெளியவைத்த கழித் தண்ணீர் தயாராக இருந்தது. செம்பூரில் அலங்கார மீன் விற்கும் ஒரு கடையிலிருந்து அந்தோணி காற்றுப் பம்புகளைக் கேட்டு வாங்கி வந்தார். சாயங்காலம் அவர் போனதும், அந்தக் கொட்டகையில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

தாராவியின் ஓரத்தில் ஒரு லாட்ஜில் எனக்கு அறை. கீழேயே தமிழ் மெஸ். பலகையில் எழுத்தெல்லாம் தமிழில், சுவரில் வேளாங்கண்ணி மாதா, பக்கத்தில் முருகன். சாளை மீன் குழம்பு காரமாக, நன்றாக இருந்தது. பரிமாறியவர், “அக்காவுக்கு எந்த ஊரு? தின்னவேலியா, தூத்துக்குடியா?” என்றார். மரக்காணம் என்றேன். “அது எங்கன இருக்கு?” என்று கேட்டு, பதிலுக்கு நிற்காமல் அடுத்த மேசைக்குப் போய்விட்டார். அடுத்த மேசைப் பையன்கள் நாசரேத்தைப் பற்றியும் சாத்தான்குளத்தைப் பற்றியும் பாதித் தமிழிலும் பாதி இந்தியிலும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். சுற்றிலும் தமிழ் கேட்கும் இடத்தில் தனியாகச் சாப்பிடுவது, மொழி தெரியாத இடத்தில் சாப்பிடுவதைவிடக் கஷ்டம் என்று அன்றைக்குத் தெரிந்தது.

மறுநாள் விடிந்ததும் கொட்டகைக்குப் போய்விட்டேன். குஞ்சுகளை அளவுவாரியாகப் பிரிக்க வேண்டும். துளை போட்ட தட்டில் அள்ளினால் சின்னது கீழே இறங்கிவிடும், பெரியது மேலே தங்கும். குனிந்து குனிந்து அதைச் செய்துகொண்டிருந்தபோது வாசலில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தார். முற்றத்தில் கயிறு கட்டிப் பொம்பில் என்ற மீனைக் கருவாட்டுக்குக் காயப்போட்டிருந்தவர். எல்லோரும் அவரை மாவ்ஷி என்று கூப்பிட்டார்கள். சித்தி என்று அர்த்தமாம். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து, இரண்டாவது தட்டை எடுத்துக்கொண்டார். கை வேகமான கை.

வேலையின் நடுவே, “பச்சே கித்னே?” என்று கேட்டார். பச்சே என்றால் குட்டிகள், கித்னே என்றால் எத்தனை என்று எனக்குத் தெரியும். தொட்டிகளைப் பார்த்தேன். இரண்டு கைகளையும் அகல விரித்து, ஆயிரமாயிரமாய் என்று காட்டினேன். மாவ்ஷி வாயில் கையை வைத்தார். பிறகு சிரித்த சிரிப்பில் வெளியே இருந்த பெண்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். அவர்களிடமும் கையை விரித்து விரித்துக் காட்டினார். நானும் சேர்ந்து சிரித்தேன், எதற்கென்று தெரியாமல்.

அந்தோணி வந்த பிறகுதான் புரிந்தது. “ஒங்களுக்குப் பிள்ளைய எத்தனன்னு கேட்டிருக்கா மேடம். நீங்க ஆயிரம்னுட்டீயளாம்!”

“அவங்ககிட்ட இல்லைன்னு சொல்லிடுங்கண்ணே. கல்யாணம் ஆகலைன்னு.”

அந்தோணி சொன்னார். மாவ்ஷியின் சிரிப்பு மெல்ல அடங்கியது. என் முகத்தையும் தொட்டியையும் பார்த்துவிட்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அது என்ன என்று நான் கேட்கவில்லை. அந்தோணியும் சொல்லவில்லை.

அன்றைக்குப் பத்து மணிவாக்கில் மாட்டுங்காவுக்குப் போனேன். கல்லூரி விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த ஜெயஸ்ரீ அங்கே இருக்கிறாள். விலங்கியல் படித்த எங்களில் அவள்தான் கெட்டிக்காரி. இப்போது ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் பெரிய பதவி. ஆபீஸ் போகிற வழியில் சந்திக்கலாம் என்று ஒரு டிபன் கடைக்கு வரச் சொல்லியிருந்தாள்.

“அடியே! அப்படியே இருக்கியே!” என்று கையைப் பிடித்துக்கொண்டாள். ரசவடை சொன்னாள், காபி சொன்னாள். “நீ அப்பவே கடல் கடல்னு சொல்லிண்டே இருப்பே. சொன்ன மாதிரியே பண்ணிட்டே. நான்தான் எங்கேயோ போய்ட்டேன்.”

“நல்லாத்தானே இருக்க?”

“நன்னா இருக்கேன். குறையொண்ணும் இல்லே.” சொல்லும்போதே அவளுடைய கைப்பேசி அதிர்ந்தது. பார்த்து, கவிழ்த்து வைத்தாள். மறுபடி அதிர்ந்தது.

நான் கொடுவாவைப் பற்றிச் சொன்னேன். நாளைக்கு முதல் முறையாகக் கடலில் விடப்போகிறேன், வந்து பார்க்கிறாயா என்றேன். அவள் கண்ணில் ஒரு நிமிஷம் பழைய ஜெயஸ்ரீ வந்தாள். “வரணும்னு ஆசையாத்தான் இருக்கு. நாளைக்குப் பார்த்து ஆடிட். நம்மாத்துக்காவது வந்துட்டுப் போடி, என்ன, இந்த வாரம்தான் கொஞ்சம்...” என்று நிறுத்தினாள். பக்கத்து மேசையில் இருந்த தம்பதி எழுந்து தள்ளிப்போய் உட்கார்ந்தார்கள். என் உடையில் மீன் வாடை. ஜெயஸ்ரீயும் அதைக் கவனித்தாள், கவனிக்காத மாதிரி இருந்தாள். அவள் நல்லவள். என்னைக் கட்டிப்பிடித்துத்தான் விடைபெற்றாள். ஸ்டேஷன் படிக்கட்டுக் கூட்டம் அவளை அப்படியே உள்ளே இழுத்துக்கொண்டது. அவள் திரும்பிக் கையசைத்தாளா என்று தெரியவில்லை. அத்தனை கைகள்.

விழா நாள் காலையில் படகுத்துறையில் பந்தல் போட்டிருந்தார்கள். பேனர், நாற்காலிகள், ஒலிபெருக்கி. நான் முதலில் தண்ணீரைப் பார்த்தேன். ஓதம் முழுக்க வடிந்து சேறு தெரிந்தது. எஞ்சியிருந்த தண்ணீர்மேல் எண்ணெய் படிந்து நிறம் நிறமாக மினுங்கியது. எங்கோ ஒரு சாக்கடை வந்து விழும் சத்தம் கேட்டது. நீரில் கரைந்த ஆக்சிஜனை அளக்கும் கருவி என்னிடம் உண்டு. இறக்கிப் பார்த்தேன். இரண்டு முறை பார்த்தேன், குஞ்சுகள் மூச்சுவிடப் போதாத அளவு.

பாஸ்கரிடம் போய், இங்கே விட முடியாது என்றேன். அந்தோணி தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தார். பாஸ்கரின் முகம் கறுத்துப்போனது. எங்கள் தண்ணீரைப் பற்றி எங்களுக்கே சொல்ல வந்தீர்களா, பேனர் கட்டியாகிவிட்டது, விருந்தினர் வந்துகொண்டிருக்கிறார், இப்போது முடியாது என்றால் ஊர் என்னைப் பார்த்துச் சிரிக்கும் என்றார். அவர் குரல் உயர உயர, சுற்றிலும் ஆட்கள் கூடினார்கள்.

“மேடம், விட்டுருங்களேன். அவங்க பொருளு, அவங்க கழி. நமக்கென்ன?” என்றார் அந்தோணி என் காதருகே.

அவர் சொன்னது நியாயம்தான். விட்டுவிட்டு ரசீதில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகலாம். யாரும் கேட்க மாட்டார்கள். முதலாளிக்கு போன் போட்டேன். எடுக்கவில்லை. வேறு யாரைக் கேட்பது என்று யோசித்தேன். கேட்க யாரும் இல்லை.

ஒரு வாளியை எடுத்துப் படகுத்துறைத் தண்ணீரை மொண்டேன். தொட்டியிலிருந்து சில குஞ்சுகளை அதில் விட்டேன். வாளியைக் கொண்டுபோய் மேடையின் முதல் படியில் வைத்துவிட்டு, பக்கத்திலேயே நின்றேன்.

விருந்தினர் வந்தார். மாலை போட்டார்கள். மராத்தியில் வரவேற்புரை, அதன் பிறகு இன்னொரு உரை. நான் வாளியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். குஞ்சுகள் முதலில் அடியில் சுற்றின. பிறகு மேலே வந்து வாயைத் திறந்து திறந்து காற்றைத் தேடின. ஒன்று பக்கவாட்டில் சாய்ந்தது. கை அந்த வாளிப் பக்கம் தானாகப் போனது. இழுத்துக்கொண்டேன். வளர்த்தவளே நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்.

விருந்தினர் பேச எழுந்தவர் படியருகில் நின்றுவிட்டார். குனிந்து பார்த்தார். என்னிடம் ஆங்கிலத்தில், “செத்துவிட்டதா?” என்று கேட்டார்.

“செத்துக்கொண்டிருக்கிறது. மற்றவற்றையும் இங்கேயே விட்டால் இதுதான் நடக்கும். ஓதம் ஏறிய பிறகு, கழி அகலமாகும் இடத்தில் விட்டால் பிழைக்கும்.”

“எப்போது ஏறும்?”

“மதியத்துக்கு மேல்.”

விருந்தினர் பாஸ்கரின் தோளில் கையை வைத்து மெதுவாக ஏதோ சொன்னார். மதியம் எனக்கு வேறு நிகழ்ச்சி இருக்கிறது, நான் இல்லாமலே விடுங்கள், பிழைக்கிற இடமாகப் பார்த்து விடுங்கள் என்றாராம். மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டுப் போனார். புகைப்படக்காரரும் போனார். அரை மணிக்குள் பந்தலில் மாவ்ஷியும் ஒரு தெருநாயும்தான் மிச்சம். வாளியில் பிழைத்திருந்தவற்றை எடுத்துத் தொட்டியில் விட்டேன். மற்றவற்றை மாவ்ஷி ஒரு துணியில் மடித்துக் கொண்டுபோனார்.

பாஸ்கர் என்னோடு பேசவில்லை. ஆனால் ஓதம் ஏறத் தொடங்கியதும் தன் படகை அவரே துறையில் கொண்டுவந்து அணைத்தார். குஞ்சுகளை மறுபடி பைகளில் அடைத்துப் பெட்டிகளை ஏற்றினோம். அந்தோணி துறையில் நின்றே கை கொடுத்தவர், கடைசி நொடியில் ஏறிவிட்டார். படகு ஆடியதும் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “நான் கடக்கரக்காரன் பேரன்னு வெளிய சொல்லிராதீய, தங்கச்சி” என்றார். மேடம் போய்த் தங்கச்சி வந்திருந்தது.

குழாய்களும் எண்ணெய்த் தொட்டிகளும் பின்னால் போயின. அலையாத்திச் செடிகள் இருபுறமும் நெருங்கி வந்தன. ஒரு வளைவில் கொக்குகள் நின்றிருந்தன. தண்ணீர் கலங்கலாக இருந்தாலும் உயிருள்ள கலங்கல். கருவி நல்ல அளவைக் காட்டியது. எஞ்சினை நிறுத்தச் சொன்னேன்.

பைகளை உடனே அவிழ்க்கக் கூடாது. முதலில் அப்படியே தண்ணீரில் மிதக்கவிட வேண்டும். பிறகு வாயை அவிழ்த்து, கழித் தண்ணீரைக் கை கையாக உள்ளே சேர்க்க வேண்டும். உப்பும் சூடும் சமமாகும் வரை. பாஸ்கர் அலுப்போடு பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரும் ஒரு பையை எடுத்து மடியில் சாய்த்துக்கொண்டு, உள்ளங்கையால் மொண்டு மொண்டு ஊற்றினார். என்னைவிட மெதுவாக.

பையைச் சாய்த்ததும் குஞ்சுகள் கூட்டமாய் வெளியேறி, வேர்களுக்கு இடையே நுழைந்தன. ஒரு மினுக்கல், அவ்வளவுதான். அடுத்த பை. அதற்கடுத்த பை. சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். வந்தது வேறு. விடிந்ததும் தீனி போட வேண்டும், எது எதை விழுங்கியது என்று பார்க்க வேண்டும் என்ற கவலை சட்டென்று இல்லாமல் போனதில் கைகள் எங்கே இருப்பது என்று தெரியாமல் மடியில் கிடந்தன.

பாஸ்கர் காலிப் பைகளை மடித்துக்கொண்டே சொன்னதை அந்தோணி மொழிபெயர்த்தார். “மழக்காலம் முடியுத வரைக்கும் இந்த வளைவுல எங்க சங்கத்து வலை எதுவும் எறங்காதுங்காரு. வெளியாளுக்கு மட்டும் அவரு பொறுப்பில்லையாம்.”

மறுநாள் மதியம் எனக்கு விமானம். காலையில் பெட்டிகளையும் கருவியையும் எடுத்துக்கொள்ள மறுபடி கோலிவாடா போனேன். கொட்டகை பூட்டியிருந்தது. சாவி வர நேரமாகும் என்று சைகையில் சொன்னார்கள். கழியை ஒட்டிய மண்கரைமேல் நடந்தேன். நடக்க நடக்க அந்த வளைவே வந்துவிட்டது. ஓதம் வடிந்துகொண்டிருந்தது. செடிகளுக்குள் போயிருந்த தண்ணீர் சலசலத்து வெளியே வந்தது.

இடுப்பளவுத் தண்ணீரில் ஒருவர் நின்று வீச்சுவலை போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அறிமுகமில்லாத முகம். வலை விரிந்து விழுந்தபோது இரண்டடி முன்னால் போனேன். கத்தலாம் என்றால் என்ன சொல்லிக் கத்துவது, எந்த மொழியில்? அவர் இழுத்துக் கரையோரம் வந்து உதறினார். இறால் கொஞ்சம், மடவைக் குஞ்சுகள், பிளாஸ்டிக். நடுவில் ஒன்று துள்ளியது. விரல் நீளம், பழுப்பு உடம்பு, மூக்கிலிருந்து நெற்றி வழியே முதுகுவரை ஒரு வெள்ளைக் கோடு. கொடுவாக் குஞ்சுக்குத்தான் அந்தக் கோடு உண்டு. என்னுடையதாக இருக்கலாம், இந்தக் கழியிலேயே பிறந்ததாகவும் இருக்கலாம். ஆனால் அது வாலால் வலையை அடித்த வேகத்தில் ஒரு நோவும் இல்லை.

அவர் அதை இரண்டு விரலால் எடுத்தார். “ஜிதாடா” என்றார் தனக்குத்தானே. இங்கே கொடுவாவுக்கு அதுதான் பெயர். என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு கையைத் தண்ணீருக்குள் தாழ்த்தி விரல்களைத் திறந்தார்.

நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். அவர் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு என்னருகில் வந்து நின்று, “க்யா ஹுவா?” என்று, என்ன ஆச்சு என்று கேட்டார். சொல்ல எவ்வளவோ இருந்தது.

“குச் நஹி” என்றேன், ஒன்றுமில்லை என்று.

அவர் தலையை ஆட்டிக்கொண்டு, கரையோடு நடந்து போனார். துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நானும் எழுந்தேன்.